மீன் தீவனச் சீட்டில் செரிக்கும் மணிச்சத்தின் (பாஸ்பரஸின்) அளவை அச்சிட உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
குளங்களில் கெண்டை வளர்ப்போர்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மீன்வளத் துறை.

பொருள்: தாவரப் பொருள்களால் ஆன மீன் தீவனத்தில் சேர்க்கப்படும் பாஸ்பேட்டின் வகையையும், மீனுக்குச் செரிக்கும் மணிச்சத்தின் அளவையும் சீட்டில் குறிப்பிடச் செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தீவனத்தில் மீன்தூள் குறைந்து சோயாப் புண்ணாக்கும் தவிடும் கூடிய பிறகு, மூட்டைச் சீட்டில் ‘மொத்தப் பாஸ்பரஸ்’ என்று அச்சாகும் எண்ணை நம்பித் தீவனம் வாங்க முடியவில்லை. அதில் எவ்வளவு மீனின் உடம்பில் சேரும், எவ்வளவு கழிவாகக் குளத்தில் இறங்கும் என்பது அந்த எண்ணிலிருந்து தெரிவதில்லை.

விதைகளிலும் தானியங்களிலும் உள்ள மணிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்னும் சேர்மத்தின் வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் பைட்டேஸ் நொதி மீன் குடலில் போதிய அளவு இல்லை. போதாக்குறைக்குத் துத்தநாகத்தையும் பைட்டேட் பிடித்து வைத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்தையாவது மீன் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். மணிச்சத்து பெரும்பாலும் தீவனத்திலிருந்தே கிடைத்தாக வேண்டும். கெண்டைக்குத் தீவனத்தில் 0.6 முதல் 0.7 சதவீதம் வரை செரிக்கும் மணிச்சத்து தேவை. குறைந்தால் வளர்ச்சி மட்டுப்படும், தின்ற தீவனம் எடையாகாது, தலை எலும்பும் முதுகெலும்பும் கோணிப்போகும்.

ஆகவே மணிச்சத்துக்காகப் பாஸ்பேட் உப்பு சேர்ப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. எந்த உப்பு என்பதே எங்கள் கேள்வி. கெண்டைக்கு இரைப்பை கிடையாது, அமிலமும் சுரக்காது. அதனால் மோனோகால்சியம் பாஸ்பேட்டின் மணிச்சத்து 94 சதவீதம் வரை அதன் உடம்பில் சேர, டைகால்சியம் பாஸ்பேட்டில் 46 சதவீதமும், டிரைகால்சியம் பாஸ்பேட்டில் வெறும் 13 சதவீதமுமே சேர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரைப்பையுள்ள டிரௌட் மீனுக்கோ டைகால்சியம் பாஸ்பேட்டிலேயே 71 சதவீதம் கிடைத்துவிடுகிறது. எதைக் கலந்தாலும் சீட்டில் வரும் எண் மட்டும் மாறுவதில்லை!

“சந்தேகமென்றால் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றார் தீவன விற்பனையாளர் ஒருவர். செரிக்காத மணிச்சத்து எங்கே போகும்? குளத்தில் பாசியாகத்தான் பெருகும். பாசி மண்டிய குளத்தில் விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறுவதைத் தங்கள் அலுவலர்களும் அறிவார்கள்.

‘பைட்டேஸ் சேர்த்தது’ என்று வரும் மூட்டைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தீவனத்தைக் குருணையாக்கும் சூட்டில் இந்த நொதி பெருமளவு செயலிழந்துவிடும். ஆறிய பிறகு தெளித்தால்தான் பயன். அப்போதும் அமிலச் சூழலில் நன்கு வேலை செய்யும் நொதி, கெண்டையின் குடலில் முழுப் பலன் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே, தீவனம் எந்த மீனுக்கு உரியது, சேர்த்த பாஸ்பேட் எது, அந்த மீனுக்குச் செரிக்கும் மணிச்சத்து எவ்வளவு ஆகியவற்றைச் சீட்டில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டுகிறோம். பைட்டேஸ் சேர்த்திருந்தால், குருணையாக்கிய பின் எஞ்சியிருக்கும் நொதியின் அளவையும் அச்சிடச் செய்ய வேண்டும். விற்பனைக்கு வரும் மூட்டைகளிலிருந்து துறையே மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவுகளை வளர்ப்போர் பார்க்கும்படி வெளியிடவும் கோருகிறோம். சோதனைக்குத் தீவன மாதிரியும் மீன் மாதிரியும் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கெண்டை வளர்ப்போர்.