பட்டுக் கரையிலிருந்து ஓர் அன்னம்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் பழைய காஞ்சிபுரம் புடவையில் இருக்கும் அன்னத்தையும் யாளியையும் வெட்டியெடுத்து ரவிக்கைக் கைகளில் தைக்கப்போகிறாய் என்பதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. உடல் நைந்த புடவையிலும் கரை பெரும்பாலும் திடமாகவே இருக்கும். நல்ல புடவையில் மட்டும் கத்தரி வைத்துவிடாதே.

முதலில் கரையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். வருஷக்கணக்கில் மடித்தே வைத்த புடவை மடிப்புக் கோட்டில்தான் விடும். ஜரிகையும் அங்கேதான் முறியும். அந்தக் கோடு ஓடாத அன்னமாகத் தேர்ந்தெடு. ஓரத்திலிருந்து ஓர் ஜரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டு. உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசல் ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பாலியெஸ்டர் ஜரிகை என்றால் இஸ்திரிச் சூடு பட்டதும் சுருண்டுவிடும்.

இனி சொல்வதுதான் முக்கியம். வெட்டிவிட்டு ஒட்டாதே, ஒட்டிவிட்டு வெட்டு. உருவத்தை உண்டாக்குவது கூடுதலாகப் போட்ட ஜரிகை இழை. பின்பக்கம் அது கட்டில்லாமல் நீண்டு கிடக்கும். கத்தரி பட்டதும் பிடிப்பு போய்விடும், இரண்டு தடவை உடுத்துவதற்குள் அன்னத்தின் அலகு உதிர்ந்துவிடும். அதனால் பின்பக்கத்தில், இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பசையுள்ள மெல்லிய கேன்வாஸ் உள்துணியை வை. மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, பட்டுக்கான சூட்டில் அழுத்தி எடு. இழுத்துத் தேய்த்தால் இழை கோணிக்கொள்ளும். நன்றாக ஆறிய பிறகு உருவத்தைச் சுற்றி 1 செ.மீ. விட்டு வெட்டு. தடித்த கேன்வாஸ் வேண்டாம், கை மடங்காமல் பலகையாக நிற்கும்.

இரண்டு கைகளிலும் அன்னம் முன்பக்கம் பார்க்க வேண்டுமே! துணியைத் திருப்பிப் போட முடியாது, பின்பக்கம் முழுக்க இழைதான். புடவையின் இரண்டு கரையிலும் ஒரே உருவம் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடு. பெரும்பாலும் இரண்டு கரையும் கண்ணாடிபோல் எதிரெதிராக நெய்யப்பட்டிருக்கும். நிமிர்த்தி வைத்தால் ஒன்று இடமும் மற்றது வலமும் பார்க்கும். வெட்டும் முன்பே வைத்துப் பார்த்துவிடு.

ரவிக்கைத் துணியை முதலில் நனைத்துக் காயவை. இல்லாவிட்டால் பிறகு அது சுருங்கும், பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது, சுற்றிலும் கொசுவம் விழும். அரக்கு நிறப் பட்டென்றால் ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் போகிறதா பார். குண்டூசியை விளிம்பில் மட்டும் குத்து, பட்டில் விழுந்த துளை மறையாது. பட்டின் பாவும் (நீளவாட்டில் ஓடும் இழை) ரவிக்கையின் பாவும் ஒரே போக்கில் இருக்கட்டும். விளிம்பை உள்ளே மடித்து, மெல்லிய ஊசியில் பட்டு நூல் கோத்து, 3 மி.மீ. இடைவெளியில் மறைதையல் போடு. மூலையில் மடிப்பு தடித்தால் உள்ளே கொஞ்சம் நறுக்கிவிடு.

யாளியையும் சங்கு சக்கரத்தையும் இடுப்புக்குக் கீழே வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தோளும் முதுகும்தான் அவற்றுக்கு உரிய இடம். அக்குளிலிருந்து தள்ளியே தை, வியர்வையில் ஜரிகை கறுக்கும்.

ரவிக்கை என்ன நிறம் என்று எழுது, நூலின் நிறத்தைச் சொல்கிறேன்.

அன்புடன்,
வசந்தா