காரணத்தோடு கற்பிக்கட்டும் தேர்வுப் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சேலம் சேர்வராயன் மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைக்கிறது என்ற ஒற்றை வரியோடு குடிமைப்பணித் தேர்வர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவது வருத்தமளிக்கிறது. வெப்பமும் மழையும் நெடுங்காலம் தாக்கியதில் சார்னோகைட் பாறையின் கரையும் பகுதிகள் கழுவப்பட்டுப்போக, அலுமினியம் செறிந்து எஞ்சியதே அந்தப் பாக்சைட் என்பதையும், அதைத் தோண்டும்போது மழைநீரைப் பிடித்துவைக்கும் மேல்மண்ணும் மரங்களும் அழிந்து, இம்மலையில் பிறந்து சேலம் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றின் நீர்வரத்து பாதிக்கப்படும் என்பதையும் சேர்த்தறிந்தால்தான் முதன்மைத் தேர்வில் விரிவான விடை எழுத இயலும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் இதே மலையிலுள்ள ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் மண் சரிந்ததையும் இங்கேயே இணைத்துப் படிக்கலாம். எனவே, தங்கள் நாளிதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தில் வெறும் வினா விடைகளுக்குப் பதிலாக, வாரம் ஒரு மாவட்டத்தின் நிலத்தையும் நீரையும் வரைபடத்தோடும் காரணங்களோடும் விளக்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வுப் பயிற்றுநர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.