நான்காவது நடுவருக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் சாலிகிராமத்தில் சின்னதாக ஒரு எடிட்டிங் ரூம் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம், இப்போது இந்த வீடியோக்கள்தான் பிழைப்பு. அதற்கு முன்னால் ஆறு வருஷம் டிவி ரியாலிட்டி ஷோக்களில் எடிட்டராக இருந்தேன். சின்னப் பிள்ளைகளின் பாட்டுப் போட்டி, டான்ஸ் போட்டி, காமெடிப் போட்டி எல்லாம் என் டைம்லைனில் ஓடியிருக்கின்றன. எந்த சேனல், எந்த கம்பெனி என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

அந்த ஷூட்டிங்குகளில் பிள்ளைகளை ராத்திரி வரை வேலை வாங்குவதைப் பற்றித்தான் இந்த மடல். இதை சேனலுக்கே எழுதலாமே என்று தோன்றும். எழுதலாம். 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை, 15 நாளில் பதில், திருப்தி இல்லையென்றால் அடுத்த படிக்கு மேல்முறையீடு என்று 2021-இல் வந்த கேபிள் டிவி விதிகள் வழி சொல்கின்றன. ஆனால் அந்தப் படிகள் எல்லாமே ஒளிபரப்பான பிறகு ஏறுகிற படிகள். திரையில் என்ன வந்தது என்று அவர்கள் பார்ப்பார்கள். ஃப்ளோரில், அதாவது ஷூட்டிங் நடக்கிற அரங்கில், ராத்திரி என்ன நடந்தது என்பது திரையில் வராது, அது வராமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஷூட்டிங் தொடங்கும் முன்பே இதில் கைவைக்கிற அதிகாரம் தங்களுக்குத்தான் இருக்கிறது.

14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. கலைஞர்களாக நடிக்கிற பிள்ளைகளுக்கு அதில் விலக்கு உண்டு. சினிமா, டிவி, விளம்பரம், விளையாட்டு எல்லாம் அதில் அடக்கம், சர்க்கஸ் மட்டும் கூடாது. (சில கிராண்ட் ஃபினாலேக்களை வெட்டும்போது இந்த சர்க்கஸ் வரி எனக்கு ஞாபகம் வந்ததுண்டு.) அந்த விலக்குக்கு 2017-இல் நிபந்தனை போட்டார்கள். விதி 2-சி. ஷூட்டிங் நடக்கிற மாவட்டத்தின் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்), அதாவது தங்களிடம், தயாரிப்பாளர் முன்அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம், பொறுப்பாளர் பெயர் எல்லாம் சேர்த்து சி படிவத்தில் உறுதிமொழி தர வேண்டும். அது ஆறு மாதத்துக்குச் செல்லும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் போகக் கூடாது. பிள்ளையின் வருமானத்தில் 20 சதவீதமாவது தேசியமயமான வங்கியில் அதன் பெயரில் டெபாசிட் ஆக வேண்டும்.

செட்டில் மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருப்பதைத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள். சட்டப்படி நான்காவது நடுவர் ஒருவர் உண்டு. நான் வேலை பார்த்த ஆறு வருஷத்தில் அவருடைய நாற்காலி ஒரு நாளும் ஃப்ளோருக்கு வரவில்லை.

நிகழ்ச்சி தொடங்கும்போது ஒரு கார்டு வரும், கவனித்திருப்பீர்கள். படப்பிடிப்பில் குழந்தைகள் துன்புறுத்தப்படவோ சுரண்டப்படவோ இல்லை, எல்லா நடவடிக்கையும் எடுக்கப்பட்டது என்கிற வாசகம். அதுவும் அந்த விதி கேட்பதுதான். மூன்று விநாடிக்கு அதை ஒட்டுவது என் வேலை. அதை டெம்ப்ளேட்டாகவே வைத்திருந்தோம். எபிசோடின் ஒரு ஷாட்டைக்கூட நான் பார்ப்பதற்கு முன்னாலேயே, துன்புறுத்தல் எதுவும் நடக்கவில்லை என்ற கார்டு டைம்லைனில் உட்கார்ந்திருக்கும்.

ஃப்ளோர் வாடகை ஒரு நாள் கணக்கு. அதனால் ஒரு நாளில் இரண்டு எபிசோடு எடுத்தாக வேண்டும். பெங்களூரு நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஃப்ளோருக்கு, காலை ஏழு மணிக்கு மேக்கப் என்றால் மேற்கு மாம்பலத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கிற குடும்பம் ஐந்துக்கே கிளம்பும். லைட்டிங் முடியப் பதினொன்று ஆகும். பெரிய நடுவர் வர மத்தியானம் ஆகும். அவருக்கு வேறு ஷூட்டிங் இருக்கும், குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் காஸ்ட்யூமோடு காத்திருக்கும். கசங்கும் என்பதால் படுக்க விடமாட்டார்கள். முதல் எபிசோடு முடியவே இருட்டிவிடும். அப்புறம் காஸ்ட்யூம் மாற்றி, தேதி மாறிய மாதிரி காட்டி, இரண்டாவது. ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பையன் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டைச் சேர்த்துப் போட்டு அம்மா மடியில் தூங்குவான். அவன் பெயர் வந்ததும் அவர் ஈரத்துணியால் கண்ணைத் துடைத்து எழுப்பிவிடுவார். டச்சப் பையன் ஓடிவருவான். ஃப்ளோர் மேனேஜர் மைக்கில், "எனர்ஜி! எனர்ஜி! கைதட்டுங்க!" என்பார். அந்தப் பையன் சிரிப்பான். நன்றாகவே சிரிப்பான், அதுதான் எனக்குத் தாங்காது.

இதில் ஐந்து மணி நேரம் எங்கே என்று கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "பாப்பா மேடையில் நின்னது மொத்தமே நாற்பது நிமிஷம்தான் சார்." காத்திருந்ததெல்லாம் வேலை இல்லையாம்.

சம்பளக் கதை இன்னும் விசேஷம். நான் பார்த்தவரை போட்டியாளர் பிள்ளைக்குச் சம்பளமே கிடையாது. "வாய்ப்பு" கொடுக்கிறார்கள். லாட்ஜ், காஸ்ட்யூம், பாட்டு சொல்லிக்கொடுப்பவர் என்று பல வீடுகளில் கைக்காசுதான் போகும். வருமானமே பூஜ்யம் என்றால் அதில் 20 சதவீதம் எவ்வளவு என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டதுண்டா?

அடுத்தது ஏவி. போட்டியாளரின் வீட்டுக்குப் போய் எடுக்கிற இரண்டு நிமிடக் கதைக்கு எங்கள் பாஷையில் அந்தப் பெயர். ஆரம்பத்தில் ஊர், பள்ளிக்கூடம், குருநாதர் என்று இருந்தது. பிறகு கஷ்டம் மட்டும்தான் ஏவி என்று ஆகிவிட்டது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் எடுத்த ஃபுட்டேஜ் என்னிடம் வந்தது. கேமரா ஓடுவது தெரியாமல் பேசியதும் அதில் பதிவாகியிருந்தது. "அக்கா, இந்த கேஸ் அடுப்பைக் கொஞ்சம் உள்ளே வச்சிடலாமா? விறகு அடுப்பு இருக்கா?" அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "அதைத் தூக்கிப் போட்டு நாலு வருஷமாச்சு தம்பி" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் அடுப்பில் வைத்து எடுத்தார்கள். புது மிக்ஸி மேல் துண்டைப் போட்டு மூடினார்கள். அப்பா போட்டோ முன்னால் பையனை நிற்க வைத்து, "அப்பாகிட்ட ஏதாவது சொல்லுப்பா" என்றார்கள். அவன் என்ன சொல்வது என்று தெரியாமல் கேமராவையே பார்த்தான். மூன்றாவது டேக்கில் அழுதான். நான் மூன்றாவது டேக்கைத்தான் வைத்தேன்.

அது ஒளிபரப்பானதும் வகுப்பில் அவனுக்கு "விறகு அடுப்பு" என்று பட்டப்பெயர் வைத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவன் சுமாராகப் பாடுகிறவன் இல்லை. கமகமெல்லாம் அவ்வளவு சுத்தம். ஏவி இல்லாமலே கேட்டிருப்பார்கள்.

பாட்டு குறைந்ததும் இப்படித்தான். வியாழக்கிழமை ரேட்டிங் வரும். எந்த நிமிடத்தில் கோடு ஏறியது என்று பார்ப்பார்கள். அழுகையில் ஏறும். நடுவர்கள் சண்டையில் ஏறும். சரணத்தில் இறங்கும். அடுத்த வாரம் சரணத்தை வெட்டச் சொல்வார்கள். நான் கடைசியாக வேலை பார்த்த சீசனில் பல்லவி பாடி முடிந்ததும் நேராக நடுவர் முகத்துக்குப் போனோம். பாட்டுப் போட்டியில் பாட்டு இடைவேளை மாதிரி ஆகிப்போனது.

இந்த மேடைகளால் நல்லதே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2018-இல் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் சூப்பர் சிங்கரில் ஜெயித்தபோது தெருக்கூத்துக்காரர், கரகாட்டக்காரர் வீடுகளிலெல்லாம் அதைக் கொண்டாடினார்கள். இன்று சினிமாவில் பாடுகிற பல குரல்கள் இந்த மேடை வழியாக வந்தவைதான். பெற்றோரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நகையை அடகு வைத்துச் சென்னைக்கு வருகிறவர், பிள்ளையை ராத்திரி பன்னிரண்டுக்கு எழுப்ப மாட்டேன் என்று எந்த தைரியத்தில் சொல்வார்? அவர் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் சட்டம் தங்களை அங்கே நிறுத்தியிருக்கிறது.

பெரியவர்கள் ஷோ வேறு கதை. குடும்பச் சண்டையைக் கூப்பிட்டு வைத்துப் பேசிய 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு 2018-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை போட்டது. நூறு நாள் வீட்டுக்குள் அடைத்துவைத்துப் படம் பிடிக்கிற ஷோவைப் பற்றி ஊரே பேசுகிறது. அவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர்கள், பேசத் தெரிந்தவர்கள். இங்கே கையெழுத்துப் போடுவது அப்பா, அழுவது பிள்ளை.

மேலே இருப்பவர்கள் நினைத்தால் வேகம் வராமல் இல்லை. டான்ஸ் ஷோக்களில் சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் மாதிரி ஆபாச அசைவு செய்ய வைக்காதீர்கள் என்று 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எல்லா சேனலுக்கும் அறிவுரை அனுப்பியது. அறிவுரைதான், நோட்டீஸ் இல்லை. 2022 ஜனவரியில் தமிழ் சேனல் ஒன்றில் இரண்டு பொடியன்கள் ராஜா மந்திரி வேஷம் போட்டுப் பிரதமரைக் கிண்டல் செய்வதுபோல ஒரு காமெடி செய்தார்கள். சில நாளிலேயே சேனலுக்கு அதே அமைச்சகத்தின் நோட்டீஸ் போனது, ஏழு நாளில் விளக்கம் கேட்டு. பிள்ளைகள் பேசிய வசனத்துக்குக் கிடைத்த கவனம் அவர்கள் தூக்கத்துக்குக் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் 2019-இல் ஒரு பேச்சு நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர் பதிவு முடிந்த சில நாளில் இறந்துபோனார். நிகழ்ச்சியையே நிறுத்தினார்கள். பங்கேற்பவர்களின் நலனைக் கவனிப்பது சேனலின் கடமை என்று அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரலில் விதி கொண்டுவந்தது. நமக்குப் புது விதி எதுவும் வேண்டாம். 2-சி போதும்.

நான் கேட்பது ரொம்பச் சின்னது. அனுமதிக்கு மனு வரும்போது சி படிவத்தோடு நிறுத்த வேண்டாம். ஷூட்டிங் முடிந்த மாதத்தில் கேமரா மெமரி கார்டின் டைம்கோடு லிஸ்ட்டைக் கேளுங்கள். எட்டுப் பத்து கேமரா ஒன்றாக ஓடுவதால் எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் கட்டிவைப்போம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அது எடுத்த மணி, நிமிடம், விநாடி பதிந்திருக்கும். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு ஃப்ளோரில் இருந்தது என்று அரை நாளில் சொல்லிவிடலாம். அட்டெண்டன்ஸ் நோட்டில் மாற்றி எழுதலாம், பெற்றோரிடம் கையெழுத்து வாங்கலாம். எட்டு கேமராவின் கடிகாரத்தை மாற்ற எந்த தயாரிப்பாளருக்கும் பொறுமை இருக்காது. லிஸ்ட்டைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், பேட்டா வேண்டாம். அது முடியாதென்றால், ஒரே ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு, சொல்லாமல், ஒரு தாசில்தாரையாவது ஃப்ளோருக்கு அனுப்புங்கள். வாசலில் எத்தனை அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வரட்டும், போதும்.

நான் ஏன் அந்த வேலையை விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதுப் பாப்பா ஒன்று டான்ஸ் ஆடியது. புது ஷூ கடித்துக் குதிகாலில் கொப்புளம். மத்தியானம் ரிகர்சல் முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றி அழுதது. யாரோ ஒரு கேமராமேன் பழக்க தோஷத்தில் அதை ஜூம் போட்டு எடுத்துவைத்தார். ராத்திரி நடுவர் அந்தப் பாப்பாவை, "இன்னும் உழைக்கணும்மா" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். பாப்பா தலையாட்டியது, அழவில்லை. ப்ரோமோவுக்கு அழுகை வேண்டும் என்றார்கள். நான் மத்தியான அழுகையின் 14 விநாடியை எடுத்து, கால் தெரியாமல் முகத்தைப் பெரிதாக்கி, ஸ்லோ பண்ணி, வயலின் போட்டு, நடுவர் பேச்சுக்கு அடுத்து வைத்தேன். ப்ரோமோ நன்றாக ஓடியது. நடுவரைத் திட்டி ஊரெல்லாம் கமெண்ட். இரண்டு நாள் கழித்து பாப்பாவின் அம்மா எப்படியோ என் நம்பரைப் பிடித்து போன் செய்தார். கோபமே இல்லை குரலில். "அண்ணே, எம்பொண்ணு அப்ப அழவே இல்லையே. பாட்டி டிவியைப் பாத்துட்டு ரெண்டு நாளா சாப்பிடலை, அதான் கேட்டேன்" என்றார். டெக்னிக்கலாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த க்ளிப்பில் இருந்த டைம்கோடு 15:07. நடுவர் பேசியபோது ஓடிய டைம்கோடு 23:51. இரண்டு நேரத்திலும் அந்தப் பாப்பாவுக்கு அதே ஷூதான்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ரியாலிட்டி ஷோ எடிட்டர்,
சாலிகிராமம்