நன்றி நவிலல்: எங்கள் அம்மாவின் 31ஆம் நாளில்

நேரில் வந்தும் தொலைபேசியிலும் ஆறுதல் சொன்னவர்கள், மலர்வளையம் அனுப்பியவர்கள், கிரியைகளைக் குறைவின்றி நடத்தித் தந்த குருக்கள், சிவபுராணம் படித்தவர்கள், எட்டாம் நாள் வரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறும் கறியும் கொண்டுவந்த தென் லண்டன் அயலவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வழமையாக நன்றி நவிலல் இவ்வளவோடு முடிந்துவிடும். ஆனால் 85 வயதில் காலமான அம்மா, அதில் 60 வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் வாழ்ந்தவர். அவருக்குக் கைகொடுத்தவர்களில் பலர் தமிழர் அல்லர். சிலர் வெள்ளையர், கூடுதலானவர்கள் மேற்கிந்தியத் தீவுக்காரர். அவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து எவரும் பகிரங்கமாக நன்றி சொன்னதில்லை. ஆகவே இந்த மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா 1962 ஏப்ரலில் டில்பரித் துறைமுகத்தில் வந்திறங்கினார். 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் ஜமேக்காவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்ததும் அதே துறைமுகம்தான். பொதுநலவாய நாட்டுப் பிரஜை என்றால் தடையில்லாமல் வந்து குடியேறலாம் என்றிருந்த காலத்தின் கடைசி மாதங்கள் அவை. ஜூலை 1இல் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பிறகு வேலைக்கு வருகிறவர்களுக்கு வவுச்சர் என்ற வேலை அனுமதித் தாள் தேவைப்பட்டது. இரண்டு வருடம் கழித்து அப்பா வந்தது வவுச்சரில்தான்.

எஸ்.எஸ்.சி. என்ற பள்ளிப் பரீட்சையில் சித்தியடைந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் இரண்டு வருடப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். 'என்ரோல்ட் நேர்ஸ்' என்று அதற்குப் பெயர். மூன்று வருடம் படித்து 'ரெஜிஸ்டர்ட் நேர்ஸ்' ஆவது வேறு வழி என்பதை எவரும் சொல்லவில்லை. இரண்டு வருடச் சான்றிதழோடு பெரிய பதவிக்குப் போக முடியாது; பல நாடுகளில் அது செல்லுபடியாகவும் இல்லை. கறுத்த, மண்ணிறப் பெண்களை அந்தப் பக்கம் தள்ளிவிடுவது அப்போது பல ஆஸ்பத்திரிகளில் நடந்ததுதான். இதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லி, மேட்ரனுக்குக் கடிதம் எழுதி, மூன்று வருடப் பயிற்சிக்கு மாற்றுவித்தவர் ஒரு ஸ்கொட்லாந்து வார்ட் சிஸ்டர். வாய் பொல்லாத மனுசி என்று அம்மா சொல்வார். 'உன் கறுத்தக் கையை எடு' என்று ஒரு கிழவர் அம்மாவின் கையைத் தட்டிவிட்டபோது, 'அப்படியானால் நீங்களே எழும்பிக் கழுவிக்கொள்ளுங்கள், இங்கே வேறு கை இல்லை' என்றவரும் அவர்தான். அம்மாவுக்குப் பின்னாளில் கிடைத்த பதவி உயர்வு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அந்தக் கடிதம்தான் அடி. அவருடைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. தெரிந்தால் போய்ப் பார்ப்போம்.

இனிப் பெரியம்மா. அம்மாவோடு ஒரே நேர்ஸ் விடுதியில் இருந்தவர், ஜமேக்காவைச் சேர்ந்தவர், அம்மாவை விட இரண்டு வயது மூத்தவர். அதனால் எங்களுக்குப் பெரியம்மா. 1962 கிறிஸ்மஸ் முடிந்த கையோடு பிடித்த பனி மார்ச் வரைக்கும் விடவில்லை. அம்மா வைத்திருந்ததோ கொழும்பில் தைத்த ஒரு மெல்லிய கோட். பெரியம்மா தன் கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். இரண்டு பேரும் வெவ்வேறு நேரக் கடமையில் இருந்ததால் ஒரு கோட் இருவருக்கும் போதுமாயிற்று. பிரிக்ஸ்டன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அவரே. லண்டனில் தமிழ்க் கடை என்று ஒன்று இல்லாத நாளில் தேங்காயும் வாழைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் அம்மாவுக்கு அங்கேதான் கிடைத்தன. நாங்கள் 'ஊர்ச் சாப்பாடு' என்று சாப்பிட்டு வளர்ந்ததில் பாதி, கரிபியன் மக்கள் தங்களுக்கென்று வரவழைத்த சாமான்.

1966இல் அம்மாவும் அப்பாவும் அறை தேடிய கதையை இங்கே பலர் தங்கள் பெற்றோரிடம் கேட்டிருப்பீர்கள். பத்திரிகைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அட்டைகளில் 'நிறத்தவர் வேண்டாம்' என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். எழுதாத இடத்திலும் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்ததும் 'இப்போதுதான் கொடுத்துவிட்டோம்' என்பார்கள். அது சட்டப்படி குற்றமும் அல்ல. 1965இன் இன உறவுச் சட்டம் ஹோட்டல், சினிமா போன்ற பொது இடங்களோடு நின்றுவிட்டது. வீடும் வேலையும் அதில் இல்லை. கடைசியில் அறை கொடுத்தவர் ஒரு ஐரிஷ் விதவை. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கருவாடு பொரிப்பதானால் ஞாயிறு, தான் பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில்.

வீடு வாங்கியது பெரியம்மாவின் 'பார்ட்னர்' காசில். எங்கள் சீட்டேதான் அது: கிழமைக்கு ஒரு தொகை எல்லோரும் போட, முறைவைத்து ஒருவர் முழுவதையும் எடுப்பது. வங்கியும் வீட்டுக்கடன் சங்கங்களும் முகம் திருப்பிய காலத்தில் மேற்கிந்தியர் பலர் லண்டனில் வீடு வாங்கியது இப்படித்தான். தன் முறையை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார் பெரியம்மா. அவரும் அப்போது மகனோடு ஓர் ஒற்றை அறையில்தான் இருந்தார்.

1968 ஏப்ரலில் ஈனொக் பவல் என்ற அரசியல்வாதி, குடியேறி வந்த நிறத்தவருக்கு எதிரான அந்தப் பேச்சைப் பேர்மிங்ஹாமில் பேசினார். அம்மா வந்திறங்கியபோது சுகாதார அமைச்சராக இருந்த அதே ஆள்தான்; அம்மா போன்றவர்களின் உழைப்பில் ஓடியவை அவருடைய ஆஸ்பத்திரிகள். லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்காகப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். அந்தக் கிழமைகளில் இரவுக் கடமைக்குப் போகும் அம்மாவை, நாயை நடத்துகிற சாட்டில் பஸ் தரிப்பு வரை கூட்டிக்கொண்டு போனார் மூன்றாம் வீட்டு வெள்ளைக்காரக் கிழவர். பேச்சே இராதாம், நாயும் அவரும் முன்னே போவார்களாம்.

அந்த வருட இறுதியில்தான் வீடு கொடுப்பதிலும் வேலையிலும் நிற பேதம் காட்டுவது சட்டவிரோதம் ஆனது. அதற்கு வழி வெட்டியவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பிரிஸ்டலில் நிறத்தவரை பஸ்ஸில் வேலைக்கு எடுக்கமாட்டோம் என்றபோது, 1963இல் போல் ஸ்டீவன்சன், ரோய் ஹக்கெற் போன்றவர்கள் பஸ் புறக்கணிப்பு நடத்தி அந்தத் தடையை உடைத்தார்கள். முன்னின்றவர்களில் பெரும்பாலோர் மேற்கிந்தியர், முதலில் வேலை கிடைத்தது ரக்பீர் சிங் என்ற சீக்கியருக்கு.

இனி ஒரு சட்ட உதவி நிலையத்துக்கும், எங்கள் நகரசபையின் ஆவணக் காப்பகத்து நூலகருக்கும் நன்றி. பெரியம்மாவின் மகன் 1966இல் ஏழு வயதில் வந்தவர். இங்கேயே படித்து, 16 வயதிலிருந்து வேலை செய்து வரி கட்டியவர். 2016இல் வேலையிடத்தில் 'இங்கே இருக்க உரிமை உண்டென்று தாள் காட்டு' என்றார்கள். 1973க்கு முன் குடியேறியவர்களுக்கு உரிமையைக் கொடுத்த சட்டம் அதற்கு ஒரு தாளையும் கொடுக்கவில்லை. அக்காலத்து வருகை அட்டைகளையும் 2010இல் அரசே அழித்துவிட்டது. வேலை போயிற்று. ஒவ்வொரு வருடத்துக்கும் அத்தாட்சி கேட்டார்கள். நூலகர் பழைய பள்ளி இடாப்பில் அவர் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 78 வயதில் அம்மா பரணில் ஏறி ஒரு படத்தைத் தேடி எடுத்தார்: எங்கள் அண்ணாவுக்கு முதல் பல் முளைத்தபோது செய்த பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு. மடியில் குழந்தையைப் பிடித்தபடி, வாய் நிறையக் கொழுக்கட்டையோடு அந்தப் பையன். பின்புறம் அம்மாவின் கையெழுத்தில் தமிழில் '1968 செப்டெம்பர்'. அதை மொழிபெயர்த்து உறுதிப்படுத்தி, ஒரு சதமும் வாங்காமல் கோப்போடு சேர்த்தவர்கள் சட்ட உதவி நிலையத்தினர். 2018இல், இப்படிப் பலர் பாதிக்கப்பட்ட விஷயம் நாடெங்கும் வெடித்து, அப்போதைய பிரதமர் தெரேசா மே மன்னிப்புக் கேட்டு, 'விண்ட்ரஷ் திட்டம்' என்ற புதிய திட்டம் வந்த பிறகே தாள் கைக்கு வந்தது. இழப்பீடு வருவதற்குள் கண்மூடியவர்கள் பலர்.

தகனசாலையில் அம்மாவின் பெட்டியை முன்னால் பிடித்தவர் பெரியம்மாவின் அந்த மகன்தான். 'இந்தக் கறுப்பர் ஆர்? ஏன் குடும்பத்து ஆட்களோடு நிற்கிறார்?' என்று பின்வரிசையில் சிலர் கேட்டது என் காதில் விழுந்தது. பதில் இது: எங்கள் பெரியண்ணா. எங்கள் சனம் இந்த மக்களைப் பற்றி வீட்டுக்குள் பேசுகிற பேச்சு எனக்குத் தெரியாததல்ல. நாங்கள் பிறகு வந்து நுழைந்த கதவுகளில் பல அவர்கள் தள்ளித் திறந்தவை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பெரியம்மா தன் வீட்டில் அம்மாவுக்கு 'நைன் நைட்' வைத்தார். ஒன்பதாம் இரவு கூடியிருந்து, சாப்பிட்டு, பாடி, போனவரை வழியனுப்புவது அவர்கள் வழக்கம். பொரித்த மீனும் வெள்ளை ரம்மும் டொமினோவும் ஒரு பக்கம். 31 வரை நாங்கள் மச்சம் தொடமாட்டோம் என்று தெரிந்து, தேங்காய்ப்பாலில் அவித்த சோறும் பயறும் புதுச் சட்டியில் வேறாக வைத்திருந்தார். 87 வயதில் தானே நின்று சமைத்திருக்கிறார். பெரியம்மா, உங்களுக்கு இதை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவேன்.

மலர்வளையத்துக்குப் பதிலாக நீங்கள் தந்த பணம் முழுவதும் அந்தச் சட்ட உதவி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று: விண்ட்ரஷ் திட்டம் கரிபியன் மக்களுக்கு மட்டுமானது அல்ல. இலங்கை, இந்தியா, மலேசியா என்று எந்தப் பொதுநலவாய நாட்டிலிருந்தும் 1973க்கு முன் வந்து குடியேறியவர்களுக்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் அப்படித் தாள் இல்லாத முதியவர் இருந்தால் எங்களைக் கேளுங்கள். எங்கே போவது, எதை எடுத்துப் போவது என்று சொல்கிறோம்.

இங்ஙனம்,
மகள், மகன், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பெரியம்மா குடும்பத்தினர்