ஊற்றுக்குப் பூச்சூட்டும் வியாழன்

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன மாதம் டிஸ்ஸிங்டன் கிராமத்துக்குப் போய், ஊற்றுகளைப் பூவால் அலங்கரிக்கும் விழாவைப் பார்த்து வந்தேன். நினைவிருக்கிறதா, அப்போது உனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளியில் யாரோ சொல்லக் கேட்டு வந்து, "ஊற்றுக்குப் பூவாலேயே படம் செய்து வைப்பார்களாம், கூட்டிப் போ அம்மா" என்று மூன்று நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இயேசுவின் விண்ணேற்ற நாளில் அது தொடங்கும். அந்த நாள் எப்போதும் வியாழக்கிழமைதான். உனக்குப் பள்ளி, எனக்கு ஆஸ்பத்திரி வார்டில் பகல் ஷிப்ட். பூப்படம் செய்த பலகைகள் ஒரு வாரம் வரை அங்கேயே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை போனாலும் பார்க்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. இங்கிலாந்தில், பக்கத்து டெர்பியிலேயே இத்தனை ஆண்டு இருந்தும் உன்னைக் கூட்டிப் போகவில்லையே என்று அங்கே நின்றபோது தொண்டை அடைத்தது.

டிஸ்ஸிங்டன், ஆஷ்போர்ன் ஊருக்கு வடக்கே சின்னக் கிராமம். சுண்ணாம்புக்கல் வீடுகள், வாத்துகள் நீந்தும் ஒரு குளம், ஆறு ஊற்றுகள். ஒன்றுக்கு அதன் வடிவத்தை வைத்துச் சவப்பெட்டி ஊற்று என்றே பெயர். சுண்ணாம்புக்கல் பூமியில் மழைநீர் தங்காது. பாறை வெடிப்பில் இறங்கிவிடும். வற்றாத ஊற்று உள்ள ஊர் கொடுத்துவைத்த ஊர். 1348-49 கொள்ளைநோய் தங்களைத் தீண்டாமல் காத்தது இந்தத் தண்ணீர்தான் என்று சிலர் சொல்கிறார்கள். 1615 வறட்சியில் சுற்றுவட்டாரமே காய்ந்தபோதும் இது ஓடியதற்கு நன்றிக்கடன்தான் இந்தப் பூ அலங்காரம் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஆடிப்பெருக்கன்று உன் பாட்டி காவிரியில் இறங்கிப் பூவிட்டுக் கும்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

பார்த்ததோடு விட மனமில்லை. என்னோடு வேலை பார்த்த சினேகிதி ஒருத்தியின் ஊரில் இந்த மாதம் ஊற்று அலங்காரம். அங்கே போய் மூன்று நாள் உட்கார்ந்து நானும் வேலை செய்தேன். மரப்பலகைகளை முன்னதாகவே பல நாள் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், களிமண்ணின் ஈரத்தை அவை உறிஞ்சிவிடாமல் இருக்க. களிமண்ணில் உப்பும் நீரும் சேர்த்துக் காலால் மிதித்துப் பதமாக்கிப் பலகையில் அப்புகிறார்கள். படம் வரைந்த தாளை அதன்மேல் விரித்து ஊசியால் குத்தினால் கோடுகள் மண்ணில் இறங்கிவிடும். அந்தக் கோடுகளின்மேல் ஆல்டர் மரத்தின் சின்னக் கறுப்புக் காய்களை வரிசையாகப் பதிக்க வேண்டும்.

பிறகுதான் இதழ்கள். நான் ஹைட்ரேஞ்சாப் பூவின் இதழை எடுத்து மேலேயிருந்து தொடங்கினேன். பக்கத்திலிருந்த மூதாட்டி என் விரலை மெல்லப் பிடித்து நிறுத்தி, கீழ் வரிசையைக் காட்டினார். கீழிருந்து மேலே, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி, ஓடு வேய்வதுபோல வைத்தால்தான் மழை வழிந்தோடும். உள்ளங்கையளவு நீல வானத்தை முடிக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. நகக்கண்ணில் ஏறிய மண் இரண்டு நாள் போகவில்லை. நீ எந்த ஊர்க்காரி என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. "நாளைக்கும் வருகிறாய் அல்லவா?" என்றுதான் கேட்டார்கள்.

நேற்று மறுபடி போனேன். இதழ்கள் பழுப்பேறி, மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. என் நீல வானமும்தான். இன்று பலகைகளை இறக்கிவிடுவார்கள். கீழே தண்ணீர் மட்டும் அதேபோல ஓடிக்கொண்டிருந்தது.

2027-இல் ஈஸ்டர் மார்ச் 28. அதையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாள் விண்ணேற்ற நாள், அதாவது மே 6. கிளாஸ்கோவிலிருந்து முந்தின நாளே வந்துவிடு, காலையில் சேர்ந்தே டிஸ்ஸிங்டனுக்குப் போகலாம். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா