பஸ்கா இரவும் ஆட்டுக்கிடையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரிய வியாழனை ஒட்டி உங்கள் ஆன்மிக இணைப்பில் வந்த பஸ்கா கட்டுரையைப் படித்தேன். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலையானதை நினைவுகூரும் யூதப் பண்டிகைதான் பஸ்கா. அடிமை வாழ்வு, பத்து வாதைகள், ஜனங்களை வழிநடத்திய மோசே எல்லாம் சரி. ஆனால் பஸ்காவை ஆசாரியர்கள் பலிபீடத்தில் செலுத்திய கோயில் பலி என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார், அங்கேதான் இடிக்கிறது.

விடுதலைக் கதையைச் சொல்லும் வேதாகமப் புத்தகமான யாத்திராகமத்தின் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆசாரியரும் இல்லை, பலிபீடமும் இல்லை. குடும்பத் தலைவர் பத்தாம் தேதி ஒரு குட்டியைப் பிடித்துத் தனியே கட்டுகிறார் (செம்மறியோ வெள்ளாடோ, பழுதில்லாத ஒரு வயதுக் கடாவாக இருந்தால் போதும்), பதினாலாம் தேதி அந்தியில் அறுக்கிறார், ஈசோப்பு என்ற செடியின் கொத்தை இரத்தத்தில் தோய்த்து வாசல் நிலைக்கால்களிலும் மேல்சட்டத்திலும் பூசுகிறார். வீட்டில் ஆள் குறைவு என்றால் பக்கத்து வீட்டோடு சேர்ந்துகொள்ளலாம். கறியைத் தண்ணீரில் வேகவைக்கக் கூடாது, நெருப்பில்தான் சுட வேண்டும், எலும்பை முறிக்கக் கூடாது, விடியும்வரை எதையும் மீதி வைக்கக் கூடாது, மீந்தால் எரித்துவிட வேண்டும். அதையும் இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் தடியோடு அவசர அவசரமாகச் சாப்பிட வேண்டும்.

இது விடிந்தால் வேறு இடம் போகிற ஆட்டுக்காரர்களின் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். அறுப்பு முடிந்து உளுந்தும் எடுத்த பிறகு இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் என்கிற ஆட்டு இடையர்கள் ஆடுகளை ஓட்டிவந்து கிடை போடுவார்கள். ராத்திரி முழுக்க மந்தை வயலிலேயே படுத்துக் கிடக்கும், குட்டிகளைத் தனியே அடைத்திருப்பார்கள், எருவுக்காக வயல்காரர் கூலி கொடுப்பார், மேட்டூர்த் தண்ணீர் வருவதற்குள் கிளம்பிவிடுவார்கள். வயல்காரரும் ஆட்டுக்காரரும் ஒரே நிலத்தில் ஒரே பருவத்தில் சேர்கிற இந்த ஏற்பாட்டைப் பார்த்தவர்களுக்குப் பஸ்கா சட்டென்று பிடிபடும்.

ஏனென்றால் பஸ்கா ஒரு பண்டிகை அல்ல, இரண்டு என்பது பழைய ஏற்பாட்டு ஆய்வாளர் பலரின் கருத்து. புது மேய்ச்சலுக்குக் கிளம்புமுன் மந்தைக்குக் கேடு வராமலிருக்க இடையர்கள் செய்த இரத்தச் சடங்கு ஒன்று, வாற்கோதுமை அறுக்கும் குடியானவர்களின் புளிப்பில்லா அப்பப் பண்டிகை இன்னொன்று. வேதாகமத்தின் இன்னொரு புத்தகமான லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரம் இரண்டையும் 14, 15 என்று தனித்தனித் தேதியிலேயே சொல்கிறது. அந்த மாதத்தின் எபிரெயப் பெயர் ஆபீப், அதாவது பச்சைக் கதிர். பதினாலு என்றால் பௌர்ணமியை ஒட்டி, நம் கணக்கில் பெரும்பாலும் பங்குனி அல்லது சித்திரைப் பௌர்ணமி.

எல்லாரும் இதை ஏற்கவில்லை, பக்தர்கள் சிலருக்குக் கோபமும் வரலாம். ஆனால் பஸ்கா இரவுக்கு வெகு முன்பே, யாத்திராகமம் 5:1இல், வனாந்தரத்தில் பண்டிகை கொண்டாட ஜனங்களை அனுப்பு என்று எகிப்து ராஜா பார்வோனிடம் மோசே கேட்கிறார். 10:9இல் ஆடுமாடுகளோடு போவோம் என்கிறார். 12:21இல் மூப்பர்களிடம் பஸ்காவை அடிக்க, அதாவது பஸ்கா ஆட்டை அறுக்க, சொல்லும்போது, அது என்ன என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. பழைய பண்டிகைக்கு எகிப்தைவிட்டுக் கிளம்பிய அந்த இரவு புதுக் காரணம் கொடுத்தது என்று வாசித்தால் வேதத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

கட்டுரையாளர் சொல்லும் கோயில் பஸ்கா பிற்காலத்தது. வீட்டில் அடிக்காமல் கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்தில்தான் அடிக்க வேண்டும் என்று சொல்வது வேதாகமத்தின் உபாகமம் 16ஆம் அதிகாரம், அதை எருசலேமில் பெரிதாக நடத்தியவர் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் யோசியா ராஜா. கி.பி. 70இல் ஆலயம் இடிந்த பிறகு யூதர்களின் பஸ்கா மறுபடி வீட்டு மேசைக்கே வந்துவிட்டது, பஸ்கா விருந்துத் தட்டில் வைக்கிற எலும்பு வெறும் நினைவுக்குத்தான். ஆட்டை அறுத்துச் சுட்டுத் தின்பது யூதர்களோடு உறவுள்ள சிறு சமூகமான சமாரியர்களிடம் மட்டும் இன்றும் அவர்களது புனித மலையான கெரிசீமில் நடக்கிறது.

அடுத்த ஆண்டு எழுதுகிறவரை யாத்திராகமம் 12ஐ முழுதாக வாசித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள், மொத்தம் 51 வசனம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி