பஞ்சு அடைத்த மாத்திரை டப்பா: மீனவர் சங்கத் தலைவர்களுக்கு ஒரு மடல்

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவர் சங்கத் தலைவர்களுக்கு வணக்கம்.

நான் ஜெட்டியில் ஐஸ் கணக்கு எழுதுகிறவன். என் சித்தப்பா மகன் ஒருவன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். எச்.ஐ.வி. உள்ளவன். பேரையும் ஊரையும் சொல்லாமல் எழுது என்று அவனே சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு ராத்திரி ஒரே ஒரு மாத்திரை. கூட்டு மருந்துதான், மூன்று மருந்தும் அந்த ஒன்றிலேயே இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குப் படகு நடுக்கடலில் இருக்கும். ஒரு நாள் அவன் பையில் அந்த டப்பாவைப் பார்த்தேன். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தான். உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருந்தான். ஈரம் படாமல் இருக்கவா என்று கேட்டேன். இல்லையாம். படகு ஆடும்போது மாத்திரை கலகலவென்று சத்தம் போடுமாம், யாராவது "என்னடா அது?" என்று கேட்டுவிடுவார்களாம். இதற்கு முன்பு இருந்த படகில் அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. முன்பணத்தைக் கழித்துக்கொண்டு அவனை இறக்கிவிட்டார்கள். அவன் குடித்த டம்ளரைத் தூக்கிக் கடலில் எறிந்தார்களாம். டம்ளரில் பரவாது, ஒரே சட்டியில் கஞ்சி குடித்தாலும் பரவாது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவிலும் பரவாது.

1986-ல் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனின் குழு நாட்டிலேயே முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டறிந்தது. 2004-லிருந்து அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவது தப்பு. ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதும் தப்பு. இதெல்லாம் வந்த பிறகும் தம்பி டப்பாவில் பஞ்சு அடைக்கிறான்.

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1-ம் தேதி பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நடக்க விட்டு, கோஷம் போட வைத்து அனுப்புவோமே, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குக் கடலுக்குப் போனவன் காதில் அந்தக் கோஷம் விழுவதில்லை. அவன் கரையில் இருப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான். அதிலும் பாதிப் பேர் மே மாதத்துக்குள் கேரளாவுக்குக் கூலிக்குப் போய்விடுகிறார்கள். அதனால் தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே, வலை பின்னுகிற இடத்திலேயே ஒரு முகாம் வையுங்கள். எச்.ஐ.வி. முகாம் என்று போர்டு வைத்தால் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சுகர், பிரஷரோடு சேர்த்து, விருப்பப்பட்டவர்களுக்கு இதையும் பார்க்கட்டும். முடிவை அவரவரிடம் மட்டும் தனியாகச் சொல்லட்டும். முதல் ஆளாக நீங்கள் கை நீட்டினால் பின்னால் வரிசை தானாக நிற்கும்.

இன்னொன்று, இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் பேர்ப் பட்டியல் முதலில் உங்கள் கைக்குத்தான் வருகிறது. சிறையில் போட்டால் மாத்திரை என்ன ஆகும்? அடிக்கடி நின்றுபோனால் அதே மருந்து பிறகு வேலை செய்யாமல் போகலாம். தம்பிக்கு நேவியை விட அந்தப் பயம்தான் பெரிது. பட்டியலை அதிகாரிகளிடம் கொடுக்கும்போது, "இதில் தினசரி மருந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கலாம், டாக்டர் தனியாகப் பார்த்துக் கேட்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். யாருக்கு என்ன நோய் என்று எழுத வேண்டாம். சுகர்காரருக்கும் அந்த ஒரு வரி உதவும்.

சந்தேகம் இருப்பவர்கள் 1097-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. அந்த எண்ணைக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஒட்ட அனுமதி கொடுங்கள். பசையும் காகிதமும் நானே கொண்டு வருகிறேன். அப்புறம், அடுத்த சங்கக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தின் ஆலோசகரை அழைத்து வருகிறேன். தம்பியும் வருவான், ஆனால் கூட்டத்தில் அவன் யாரென்று தேட வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெட்டியில் ஐஸ் கணக்கு எழுதுகிறவன்